பழைய பேனாவை எழுத வைத்தல்

(பந்தலூரில் பொது அவையொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பேச்சின் பொருள் பழைய மைப்பேனா. அதைத் தேடிச் சேகரிப்பது எதற்காக, பழுது பார்ப்பது எவ்வாறு, பழுது பார்க்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் வினாக்களைச் சுற்றியே இப்பேச்சு அமைகிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய பேனாவை மீட்பது என்பது அதைப் புதிதாக்குவது அன்று. அதை மீண்டும் எழுத வைப்பது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவர் கையில் பேனா பிழைக்கும். விளங்கிக்கொள்ளாதவர் கையில் அது பளபளப்பாகச் சாகும்.

பேனா என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அம்மொழியில் அதற்கு இறகு என்று பொருள். தனித்தமிழ் அன்பர்கள் வழங்கும் தூவல் என்னும் சொல்லுக்கும் இறகு என்றே பொருள். ஆனால் தமிழர் நெடுங்காலம் எழுதியது இறகால் அன்று, எழுத்தாணியால். ஓலையில் முதலில் கீறல் விழும்; பின்னரே அதன்மேல் கரியைத் தடவி எழுத்தைத் தெரியச் செய்வர். மையும் எழுத்தும் ஒரே நொடியில் பிறப்பது தாளுக்கும் பேனாவுக்கும் உரிய புதுமை. அந்தப் புதுமையிலும் ஒரு குறை இருந்தது. அப்போதைய பேனாவை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். சில சொற்களுக்கு ஒருமுறை கை நின்று மைக்கூட்டுக்குப் போய் வர வேண்டும். மைக்கூட்டைப் பேனாவுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணத்தின் விளைவே மைப்பேனா.

எண்ணுவது எளிது, செய்வது எளிதா? அன்று. குழாய்க்குள் மையை ஊற்றி நுனியில் ஓட்டை வைத்தால் ஒன்று மை வராது, அல்லது எல்லா மையும் ஒரே நேரத்தில் தாளில் கொட்டும். மை வெளியே வர வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டும் அளவாக நடக்க வேண்டும். இதைத் தீர்த்துவைப்பது நிப்பின் அடியில் அணைந்து நிற்கும் கட்டை. நாக்கு என்று சொல்வாரும் உண்டு. அதில் மயிரிழை போன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியே தானாக ஏறுவதுபோல, குறுகிய வழியில் நீர்மம் தன்னியல்பாக நகரும் தன்மையை அறிவியல் நுண்புழைச் செயல்பாடு என்கிறது. அச்செயல்பாட்டால் மை பள்ளத்தின் வழியே நிப்பின் பிளவுக்கு வருகிறது. காற்று குமிழியாக உள்ளே செல்கிறது. ஆக, நிப்பு எழுதுகிறது என்று உலகம் சொன்னாலும் எழுத்தை ஆள்வது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டையே.

இத்தகைய கட்டையோடு கூடிய பேனாவுக்கு அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் வணிகத்தை இழந்து அவர் பேனா செய்யப் புறப்பட்டார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. அதற்கு ஆதாரம் இல்லை, விளம்பரத்தால் வளர்ந்த கதை அது. அவருக்கு முன்பே, 1827இல், ருமேனியரான பெட்ராகே பொயனாரு பாரிசில் இத்தகைய எழுதுகருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பழம்பொருள் சேகரிப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம் இதிலேயே இருக்கிறது: கதையை ரசிக்கலாம், ஆனால் பொருளைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பழைய பேனாவைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது மையை எவ்வாறு உட்கொள்கிறது என்பது. மிகப் பழைய முறை, கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் குழாய்க்குள் மையை ஊற்றுவது. அடுத்தது, உள்ளே ஒரு ரப்பர் பையை வைத்து, பக்கவாட்டில் உள்ள நெம்புகோலால் அதை அமுக்கி மையை உறிஞ்சச் செய்வது. 1908இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஷீஃபரின் முறை இது. மூன்றாவது, 1929இல் ஜெர்மனியின் பெலிகன் கொண்டுவந்த உந்துதண்டு முறை. 1941இல் விற்பனைக்கு வந்து உலகப் புகழ் பெற்ற பார்க்கர் 51 பேனா, 1948 முதல் அழுத்தும் தகடு கொண்ட, கெடாத நெகிழிப் பையை ஏற்றது. அந்தப் பை பல பேனாக்களில் இன்றும் மாற்றாமலே வேலை செய்கிறது. முறை தெரியாமல் திருகுபவர், நெம்புகோல் பேனாவை முறிப்பார். உந்துதண்டுப் பேனாவைப் பிளப்பார்.

இந்த வகைகளுள் இந்தியா தன் உள்ளத்துக்கு உகந்ததாகத் தேர்ந்துகொண்டது எதை? ஃபில்லரால் மை போடும் பேனாவையே. காரணம் எளிமையானது. வெப்ப நாட்டில் ரப்பர் பை விரைவில் கெடும். மாற்றுப் பை கிடைக்காது. ஃபில்லர் பேனாவிலோ கெடுவதற்கு உறுப்பே இல்லை; குழாய் முழுவதும் மை கொள்ளும்; நிப்பையும் கட்டையையும் மாற்றினால் புதுப் பிறவி எடுக்கும். ராஜமுந்திரியில் 1932இல் தொடங்கிய ரத்னம் பேனா இவ்வகையில் புகழ் பெற்றது. அயல்நாட்டுப் பேனாவுக்கு மாற்றாக அது அமையும் என்னும் கருத்தைக் காந்தியடிகள் 1935இல் கடிதத்தில் எழுதினார். சென்னையில் காமா, திருவள்ளூரில் ரங்கா என்று தமிழ்நாட்டிலும் கடைசல் எந்திரத்தில் கையால் கடைந்து பேனா செய்யும் மரபு வளர்ந்தது. நிப்பு எங்கிருந்து வந்தது? விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர், வெள்ளரிக்கும் சேவுக்கும் பெயர் பெற்றதுபோலவே பேனா நிப்புக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கே உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே பிளந்து நிப்பாக்குவது வீட்டுத் தொழிலாக நடந்தது. பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்குப் பின்னே சாத்தூர்க் குடும்பங்களின் உழைப்பு நின்றது. பந்துமுனைப் பேனா பெருகியதும் அத்தொழில் மெலிந்தது.

கடைசல் பேனாவின் உடல் பெரும்பாலும் எபோனைட்டால் ஆனது. ரப்பரோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கருங்காலி மரம்போல் இறுகும், அதுவே எபோனைட். நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கையில் பிடித்தால் குளிராது, வியர்வையில் வழுக்காது, மையின் அமிலத்துக்கு அஞ்சாது. அதற்கு உள்ள பகைகள் இரண்டு: ஒன்று ஒளி, மற்றொன்று ஈரம். இரண்டும் சேர்ந்தால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் மாறுதலடைந்து, கறுப்புப் பேனா பழுப்பாகவும் பாசிநிறமாகவும் மாறும்.

ஈரம் என்றதும் பந்தலூர் நினைவுக்கு வராமல் இருக்குமா? தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நின்று பெய்யும் இந்த நீலகிரி மலையில், தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும், பெட்டிக்குள் துணி நமுக்கும், இரும்பு நெம்புகோல் துருவேறும். மலைக்கு உரிய இன்னொரு செய்தியும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு, அதாவது ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. பாதி மை உள்ள பேனாவின் மறுபாதியில் அடைபட்டிருக்கும் காற்று அப்போது விரிந்து மையை வெளியே தள்ளும். சட்டைப்பையில் நீலப் பூ பூக்கும். வழிக்கடவிலிருந்து நாடுகாணிச் சுரம் ஏறி வருவோருக்கும், சிறிய அளவிலாயினும், இதே விதிதான். பேனா கக்குகிறது என்று கடைக்காரரைத் திட்டியவர்கள் திட்டியிருக்க வேண்டியது மலையை. மை முழுவதும் நிரப்பியோ முழுவதும் வடித்தோ, நிப்பை மேல்நோக்கி வைத்துப் பயணம் செய்தால் இத்தொல்லை இல்லை.

இவ்வளவும் பேனாவின் உடலைப் பற்றிய செய்திகள். பேனா எவர் கையில் இருந்தது என்பதே இம்மலைக்கு உரிய கேள்வி.

1880ஆம் ஆண்டையொட்டிப் பந்தலூரும் அருகிலுள்ள தேவாலாவும் தங்க வேட்டைக் களமாயின. லண்டனில் நிறுவனங்கள் எழுந்தன, பங்குகள் விற்றன, சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது. மண்ணில் கிடைத்ததைவிடத் தாளில் எழுதப்பட்ட தங்கமே மிகுதி. பேனாவால் ஓர் ஊரை உயர்த்தவும் வீழ்த்தவும் முடியும் என்பதைப் பந்தலூர் அப்போதே கண்டது.

பின்னர் வந்தது தேயிலை. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு இருந்தது. கொழுந்து பறித்தவரின் நாள், அரைநாள், எடை, கடன் எல்லாம் அதில் மையால் ஏறின. இந்த மலைக்கு வந்து குடியமர்ந்த பலருடைய முன்னோர் வாழ்ந்த இலங்கைத் தோட்டங்களிலோ, துண்டு என்ற ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவரை விடலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுத்த சிறு தாள் அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டோடு போனால் கடனும் கூடவே போகும். ஒரு குடும்பத்தின் கால் விலங்கு மையால் எழுதப்பட்டிருந்தது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதற்குப் பின்னும் பேனா விடவில்லை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இட்ட கையெழுத்து, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்பது என்று வகுத்தது. யாருடைய பெயர் எந்தப் பட்டியலில் ஏறுவது என்பதும் ஒரு பேனாவின் வேலையாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, குடும்ப அட்டையோடு மலையேறியவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976 முதல் டேன்டீ என்று எல்லோரும் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக நடந்துவருகிறது. சம்பளப் பேரேட்டில் கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் இம்மலைப் பள்ளிகளில் மைப்பேனா பிடித்தார்கள். அதே மை, தாத்தாவுக்கு விரலில், பேரனுக்கு நிப்பில்.

எனவே எந்தப் பேனா அரியது? உலகச் சேகரிப்பாளர்கள் 1921இல் 7 டாலர் விலையில் வந்த சிவப்பு நிறப் பார்க்கர் டியூஃபோல்டைத் தேடுவர். 1945 செப்டம்பர் 2இல் ஜப்பானின் சரணடைவை ஏற்று அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்று அவ்வகையைச் சேர்ந்தது என்பதால் அதற்குப் பெருமை. அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இம்மலையின் சேரங்கோட்டில் ஒரு வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள், மூடி விரிசல்விட்ட ஒரு ஃபில்லர் பேனாவும் கண்டியிலிருந்து வந்த கடிதக் கட்டும் சேர்ந்து கிடக்குமானால், அதற்கு ஈடாக எந்த ஏலக்கூடம் எதை வைக்கும்?

இனிப் பழுது பார்க்கும் முறைக்கு வருவோம். முதல் விதி, வலுவைக் காட்டாதிருத்தல். காய்ந்த மை பசைபோல் இறுகியிருக்கும். நிப்பும் கட்டையும் உள்ள கழுத்தை மட்டும் குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். நிறம் கரைந்து வரவர அந்தப் பேனாவில் கடைசியாக எழுதியவரின் மையைக் காணலாம். எபோனைட் உடலை வெந்நீரில் போடலாகாது, சாயம் போகும். பாற்புரதத்தால் செய்யும் கேசீன் என்ற பொருளாலான பேனாவை எந்த நீரிலும் ஊறவைக்கலாகாது, உப்பி உருக்குலையும். கர்ப்பூரமும் நைட்ரோசெல்லுலோசும் சேர்ந்த செல்லுலாய்டு பேனாவைத் தீயருகே கொண்டுபோகலாகாது, குபீரென்று பற்றிக்கொள்ளும். சாராயத்தால் துடைத்தாலும் அது கரையும். பொருளை அறியுமுன் நீரையும் நெருப்பையும் அறிமுகப்படுத்தலாகாது.

இரண்டாவது விதி, பழைய முறைக்குப் பழைய பொருளையே நாடுதல். கெட்ட ரப்பர் பையைச் சுரண்டியெடுத்து, அளவான புதுப் பையைக் கழுத்தில் மாட்டி ஒட்ட, பேனா மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்துவது அரக்கு. அரக்குப் பூச்சி தரும் அந்தப் பிசினைச் சாராயத்தில் கரைத்துத் தடவினால் பிடிக்கும். நாளை மீண்டும் கழற்ற வேண்டுமானால் மிதமான சூட்டில் விடும். உடனடியாக ஒட்டும் இன்றைய பசைகள் விடுவதில்லை. அடுத்த முறை பழுது பார்ப்பவர் பேனாவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். தனக்குப் பின் இன்னொருவர் இதைத் திறப்பார் என்று எண்ணி ஒட்டுவதே நல்ல வேலை. ஃபில்லர் பேனாவின் மறையில் மை கசியாதிருக்கச் சிலிகான் கிரீஸைச் சிறிதளவு தடவினால் போதும். வாசலைன் ரப்பரைக் கெடுக்கும்.

மூன்றாவது விதியே கடினமானது: நிப்பை அரத்தால் தேய்க்காதிருத்தல். நிப்பின் நுனியில் தேயாத உலோகத்தாலான சிறு மணி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்காக ஒருவர் ஒரே சாய்வில் எழுத எழுத, அந்த மணி அவர் கைக்கேற்பத் தேய்கிறது. ஒருவர் எழுதிய பேனா இன்னொருவருக்கு ஒத்துவராது என்று ஆபீசுகளில் சொல்லிவந்தது வீண் பெருமை அன்று, உலோகத்தின் உண்மை. பழைய நிப்பு பட்டையாக எழுதினாலும் தாளைக் கீறினாலும், பெரும்பாலும் இரு இதழ்களும் ஏறுமாறாக நிற்பதே காரணம். கடிகாரம் பழுது பார்ப்போர் கண்ணில் மாட்டும் லென்சால் பார்த்து, நகத்தால் மெல்ல அழுத்தி நேர்ப்படுத்தினால் தீரும். அரம் பட்டால் தீராது. நுனி மணியோடு, எழுதியவரின் கைச்சாய்வும் தூளாகிப் போகும்.

மெருகேற்றுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழுப்பேறிய எபோனைட்டைத் தேய்த்துக் கறுப்பாக்கலாம். ஆனால் அந்தத் தேய்ப்பில் உடலில் பொறித்த தயாரிப்பாளர் பெயரும் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாத்திரக் கடையில் குடத்துக்கும் சொம்புக்கும் பெயர் வெட்டிக் கொடுப்பதுபோல, பேனாக் கடைகளிலும் வாங்கியவரின் பெயரை வெட்டிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேற்றார் பெயர் வெட்டிய பேனா குறைபட்டது என்று சந்தை விலையைக் குறைக்கும். அதனால் சிலர் அப்பெயரைத் தேய்த்து அழித்துவிடுவர். சந்தை எதைக் குறை என்கிறதோ அதுவே இம்மலையில் நிறை. கைநாட்டு வைத்த குலத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதக் கற்றவர், அப்பெயரைப் பேனாவில் வெட்டிக்கொண்டார் என்றால், அதை அழிப்பதற்கு யாருக்கு உரிமை?

சேகரிப்போருக்கு இறுதியாகச் சில சொற்கள். பேனாவைத் தனியாக வாங்குவதைவிட அதன் வரலாற்றோடு வாங்குவது மேல். 1985இல் தீயில் அழிந்த சென்னை மூர் மார்க்கெட் போன்ற பழம்பொருள் சந்தைகளில் கைமாறிய பேனாக்கள் பலவற்றுக்கு இன்று ஊரும் இல்லை, பெயரும் இல்லை. வீட்டிலிருந்தே தொடங்குபவருக்கு அந்தக் குறை நேராது. விலை உயர்ந்ததைத் தேடி ஓடவும் வேண்டியதில்லை. சீனத்து ஹீரோ பேனாவும், பள்ளிக் காலத்து மலிவுப் பேனாவும், உடைந்த நிப்பும், காய்ந்த மைக்குப்பியும் சேர்ந்தால்தான் ஒரு காலம் முழுமையாகத் தெரியும்.

ஆகவே, அன்பார்ந்த அவையோரே, இன்று வீடு திரும்பியதும் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுகிறது இப்பேச்சு. பழைய பேனா கிடைத்தால் திருகி முறிக்க வேண்டா, வெந்நீரில் போட வேண்டா, பெயரை அழிக்க வேண்டா. நிப்பை நீரில் ஊறவைத்து, மையிட்டு, முதலில் அதை வைத்திருந்தவரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்க்கவும். அவர் எந்தத் தோட்டம், எந்த லய வீடு, அந்தப் பேனாவால் யாருக்கு எழுதினார் என்பதை வீட்டு மூத்தோரிடம் கேட்டு அதன் கீழே குறித்து, அந்தத் தாளைப் பேனாவோடு சுற்றி வைக்கவும். அப்போதுதான் அந்தப் பேனா மீட்கப்பட்டதாகும்.